அகலம் மாற்றும் சேணம் வாங்கலாமா? குதிரை காட்டும் அறிகுறியிலிருந்து தொடங்குங்கள்

“சேணம் ஒத்துவரலை. அகலத்தை மாத்திக்கிற மாதிரி வெளிநாட்டுச் சேணம் ஒண்ணு வாங்கிடலாமா?” வருடத்துக்கு நாலைந்து பேராவது என்னிடம் இப்படிக் கேட்கிறார்கள். கோவைக்கு வெளியே ஒரு சிறிய லாயத்தில் ஆறு குதிரைகளைப் பார்த்துக்கொள்கிறேன். மூன்று, பந்தயத்தில் ஓடி ஓய்வுபெற்ற தரோபிரெட் இனம். இரண்டு மார்வார். ஒன்று அந்தியூர் ஆடிச் சந்தையில் வாங்கிய கத்தியவார். ஆறுக்கும் ஆறு விதமான முதுகு. அதனால் இந்தத் தொல்லையைத் திரும்பத் திரும்பச் சரிசெய்ய வேண்டியிருந்தது. செய்து பார்த்த வரிசையிலேயே இங்கே எழுதுகிறேன்.

ஒரு விஷயத்தை மட்டும் முதலில் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இந்தச் சேணங்களில் பெரும்பாலும் மாறுவது, சேணத்தின் முன்பக்கம் குதிரையின் தோளுக்கு மேல் நிற்கும் முன்வளைவின் அகலம்தான்; அதற்குள் இருக்கும் தகட்டை மாற்றி இதைச் செய்வார்கள். சிலவற்றில் அடிமெத்தையின் கனத்தையும் கொஞ்சம் கூட்டிக் குறைக்கலாம். முதுகின் நீளத்துக்கு ஓடும் வளைவு மாறாது, சேணத்தின் நீளமும் மாறாது. ஆகவே உங்கள் குதிரையின் தொல்லை முன்வளைவின் அகலத்தில்தான் இருக்கிறது என்று உறுதியான பிறகே பணத்தை எடுங்கள்.

வயிற்றைச் சுற்றிக் கட்டும் வாரை எங்கள் லாயத்தில் கர்த் என்றுதான் சொல்வோம், இங்கும் அப்படியே எழுதுகிறேன். கழுத்து முடிந்து முதுகு தொடங்கும் இடத்து மேட்டைத் தோள்மேடு என்கிறேன். சேணத்துக்குள் இருக்கும் எலும்புக்கூடு ட்ரீ.

## எந்த அறிகுறியானாலும் முதலில் இது: வெறும் முதுகில் சேணம்

குதிரையைச் சமமான தரையில் நிறுத்துங்கள். நாலு காலும் நேராக ஊன்றியிருக்க வேண்டும், தலை வழக்கமான உயரத்தில் இருக்க வேண்டும். வாளியில் கொள்ளைக் காட்டித் தலையைக் கீழே இறக்கினால் முதுகின் வடிவமே மாறிவிடும். துணி, பேட் எதுவும் போட வேண்டாம். சேணத்தைத் தோள்மேட்டில் கொஞ்சம் முன்னால் வைத்து மெதுவாகப் பின்னால் தள்ளுங்கள். ஓர் இடத்தில் அதுவாகவே நிற்கும். அதுதான் அதன் இடம்.

இப்போது தோள் எலும்பின் பின் விளிம்பைக் கையால் தடவிக் கண்டுபிடியுங்கள். ட்ரீயின் முன்முனை அதற்கு இரண்டு மூன்று விரல் பின்னால் இருக்க வேண்டும். முன்கால் நீளும்போது இந்த எலும்பு பின்னோக்கிச் சுழலும், அதற்கு இடம் வேண்டும். என்னைப் பார்க்கக் கூப்பிடும் இடங்களில் நிறையச் சேணங்கள் தோளின் மேலேயே ஏறி உட்கார்ந்திருக்கும். அங்கெல்லாம் நான்கு விரல் பின்னால் நகர்த்திக் கட்டியதுமே பாதித் தொல்லை போனதைப் பார்த்திருக்கிறேன்.

பின்பக்க எல்லை கடைசி விலா எலும்பு. குதிரைக்குப் பொதுவாக 18 ஜோடி விலா உண்டு. கடைசி விலாவை வயிற்றோரம் தொட்டு மேல்நோக்கித் தடவிப் போனால் முதுகில் அதன் இடம் தெரியும். அதற்குப் பின்னால் சேணத்தின் மெத்தை போகக் கூடாது. போனால் சேணம் நீளம் என்று பொருள். எந்தத் தகட்டை மாற்றினாலும் அது சரியாகாது.

அப்புறம் கர்த் கட்டாமலே நான்கு சோதனை. ஒன்று, தோள்மேட்டுக்கும் சேணத்துக்கும் நடுவே இரண்டு மூன்று விரல் நுழைய வேண்டும், மேலே மட்டுமல்ல, இரண்டு பக்கவாட்டிலும். இரண்டு, பின்னாலிருந்து குனிந்து பார்த்தால் முதுகெலும்பின் மேல் சுரங்கம் போல வெளிச்சம் தெரிய வேண்டும், அதன் அகலம் முன்னிருந்து பின்வரை மூன்று நான்கு விரல். மூன்று, உள்ளங்கையை மேல்நோக்கி விரித்து மெத்தைக்கு அடியில் முன்னிருந்து பின்னாக நகர்த்துங்கள். அழுத்தம் ஒரே சீராக இருக்க வேண்டும். நான்கு, சேணத்தின் முன்மேட்டையும் பின்மேட்டையும் மாறி மாறி அழுத்துங்கள். ஏற்றப்பலகை மாதிரி ஆடக் கூடாது.

இன்னும் ஒரு வேலை இருக்கிறது. இதை மட்டும் விட்டுவிடாதீர்கள். படம் வரைகிறவர்கள் வைத்திருக்கும் வளைகோல் ஒன்று வாங்குங்கள். கிடைக்காவிட்டால் தடித்த மின்கம்பி ஒரு முழம் போதும். தோள் எலும்புக்கு இரண்டு விரல் பின்னால், முதுகின் குறுக்கே அதை அழுத்தி வடிவம் எடுங்கள். வளைவு கலையாமல் பழைய காலண்டர் அட்டையில் வைத்து வரைந்து, வெட்டி, தேதியும் குதிரையின் பெயரும் எழுதிவையுங்கள். பின்னால் எடுக்கப்போகும் முடிவில் இந்த அட்டைக்குப் பெரிய பங்கு உண்டு.

## அறிகுறி: கர்த் இறுக்கும்போது காதை மடக்குகிறது, கடிக்க வருகிறது

அகலம் மாற்றும் சேணத்தைப் பற்றி என்னிடம் கேட்க வைக்கும் அறிகுறிகளில் இதுதான் முதலிடம். ஆனால் சேணம் காரணமாக இருப்பது நினைப்பதைவிடக் குறைவு.

முதலில் கர்த்தைத் திருப்பிப் பாருங்கள். காய்ந்த வியர்வை உப்பு, நெருஞ்சி முள், பிரிந்த தையல், வெடித்த தோல், இவற்றில் ஒன்றாவது இருக்கும். நம் வெயிலில் வியர்வை காய்ந்து கர்த் உப்புத்தாள் மாதிரி ஆகிவிடுகிறது. ஒவ்வொரு சவாரிக்குப் பின்னும் ஈரத்துணியால் துடையுங்கள். முழங்கைக்குப் பின்னால் இருக்கும் தோல் மடிப்பைத் தடவி முடி உதிர்வு, பொருக்கு, வீக்கம் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அது ஆறும்வரை சவாரி வேண்டாம்.

அடுத்தது கட்டும் முறை. ஒரே இழுப்பில் இறுக்கக் கூடாது. முதலில் தளர்வாக ஒரு துளை, பத்தடி நடத்திவிட்டு ஒன்று, ஏறும் முன் ஒன்று. எங்கள் கத்தியவார் குதிரைக்குக் கடிக்கும் பழக்கம் நின்றது இந்த ஒரு மாற்றத்தால்தான்.

இவை எல்லாம் சரியாக இருந்தும் தொடர்கிறதா? வயிற்றைச் சந்தேகியுங்கள். பந்தயப் பயிற்சியிலிருந்து வரும் குதிரைகளிடம் இரைப்பைப் புண் மிகவும் சகஜம். நீண்ட நேரம் வெறும் வயிறு, தானியம் அதிகம், புல் குறைவு என்ற வளர்ப்பே முக்கியக் காரணம். சவாரிக்கு அரை மணி முன்பு ஒரு பிடி காய்ந்த புல் கொடுத்துப் பாருங்கள், வயிற்று அமிலம் மேலே தெறிப்பது குறையும். இரண்டு வாரத்தில் மாற்றம் இல்லை என்றால், அல்லது எடை குறைகிறது, தீவனத்தைப் பாதியில் விடுகிறது என்றால், கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள். புண் இருப்பதை உறுதிசெய்ய எண்டோஸ்கோப் தேவைப்படும். மனிதர்களுக்கு வாங்கும், அமிலம் குறைக்கும் ஒமெப்ரசோல் மாத்திரையை நீங்களாகக் கொடுக்க வேண்டாம், குதிரைக்கு அளவும் கொடுக்கும் வடிவமும் வேறு.

இந்த அறிகுறி மட்டும் தனியாக இருந்தால் சேணம் வாங்காதீர்கள்.

## அறிகுறி: தோள்மேட்டில் புண், அல்லது அதன் இரு பக்கமும் வெள்ளை முடி

புண் எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்து வழி இரண்டாகப் பிரிகிறது.

மேட்டின் உச்சியில் புண் என்றால் சேணம் முன்னால் கீழே இறங்கிவிட்டது. சேணத்துணி காரணமா என்று முதலில் பாருங்கள். தட்டையாக இழுத்துக் கட்டிய துணி தோள்மேட்டை அழுத்தும். துணியைச் சேணத்தின் வளைவுக்குள் மேலே தூக்கிவிட்ட பிறகே கர்த் கட்ட வேண்டும். அது சரியென்றால் மெத்தைக்குள் அடைத்த கம்பளி அமுங்கியிருக்கும். புதுச் சேணத்தில் முதல் சில மாதங்களிலேயே இது நடக்கும். கம்பளி நிரப்பித் தரும் தொழிலாளியிடம் கொடுத்தால் ஒரு நாள் வேலை. நிரப்பியும் இறங்கினால்தான் சேணம் இந்தக் குதிரைக்கு அகலம் என்று அர்த்தம்.

உச்சியில் ஒன்றுமில்லை, நாலு விரல் கீழே இரண்டு பக்கமும் வெள்ளை முடி அல்லது குழி இருக்கிறது என்றால் சேணம் குறுகல். இங்கே பலர் ஏமாறுகிறார்கள். குறுகலான சேணம் முன்னால் மேலே தூக்கிக்கொண்டு நிற்கும், தோள்மேட்டுக்கு மேல் நாலு விரலுக்கு மேலே இடைவெளி தெரியும். ‘தாராளமாக இருக்கிறதே’ என்று தோன்றும். ஆனால் பின்மேடு தாழ்ந்து, ஏறினவர் பின்னால் சாய்ந்து உட்கார்ந்திருப்பார். ட்ரீயின் முனைகள் தசையைக் கிள்ளிக்கொண்டிருக்கும்.

இதற்குக் கனமான பேட் போடுவது மருந்து அல்ல. இறுக்கமான சட்டைக்குள் இன்னொரு பனியன் போட்டால் இறுக்கம் கூடத்தானே செய்யும்? எங்கள் லாயத்துக்கு வந்த ஒரு மார்வார் குதிரைக்கு மூன்று பேட் அடுக்கிச் சவாரி செய்திருந்தார்கள். மூன்றையும் எடுத்ததும் நடை நீண்டது.

வெள்ளை முடி பழைய காயத்தின் தழும்பாகவும் இருக்கலாம். வேர் கெட்ட இடத்தில் நிறம் திரும்பாது. ஆகவே பழைய உரிமையாளரின் சேணம் செய்த காயத்துக்காக இன்றைய சேணத்தைத் தூக்கிப்போடாதீர்கள். தொட்டால் கூசுகிறதா, முடி புதிதாக உதிர்கிறதா என்பதைப் பாருங்கள்.

மருத்துவர் எப்போது? தோல் திறந்து நீர் வடிந்தால், தோள்மேடு சூடாக வீங்கினால் அன்றைக்கே. தோள்மேட்டில் ஆழமாகப் புரை ஓடினால் மாதக்கணக்கில் ஆறாது.

## அறிகுறி: சேணம் எப்போதும் ஒரே பக்கம் சாய்கிறது

இந்த இடத்தில்தான் நான் தவறு செய்தேன். அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

எங்களிடம் ஒரு செவலைப் பெண்குதிரை இருக்கிறது. பந்தயத்திலிருந்து வந்தது, உயரமான தோள்மேடு. அதன் சேணம் எப்போதும் வலப்பக்கம் நகரும். தோள் இரண்டும் சமமில்லை, அதனால்தான் என்று நானே முடிவுகட்டி, தகடு மாற்றும் இறக்குமதிச் சேணம் ஒன்று வாங்கினேன். பல மாதச் சேமிப்பு. முதல் நாள் சவாரியிலேயே அது வலப்பக்கம் நகர்ந்தது.

பார்க்க வேண்டிய வரிசை இதுதான். நான் பார்க்காமல் விட்ட வரிசையும் இதுதான்.

முதலில் அங்கவடி வார்கள். இரண்டையும் கழற்றிப் பக்கத்தில் பக்கம் தொங்கவிடுங்கள். இடப்பக்கம் ஏறுவதால் இடது வார் நீண்டுபோயிருக்கும். மாதம் ஒருமுறை இடம் மாற்றிப் போட்டால் போதும். தரையிலிருந்து தாவி ஏறாதீர்கள், ஒரு ஸ்டூலோ திண்ணையோ வையுங்கள். உங்கள் முதுகுக்கும் நல்லது, சேணத்தின் ட்ரீக்கும் நல்லது.

இரண்டாவது, சேணம். கவிழ்த்துப் பிடித்து முன்மேட்டின் நடுவிலிருந்து பின்மேட்டின் நடுவுக்கு ஒரு நூல் கட்டுங்கள். நூலின் இரண்டு பக்கமும் மெத்தை சமமாக இருக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் கம்பளி அமுங்கியிருந்தால் நிரப்பச் சொல்லுங்கள். நூல் கோணலாகப் போனால் ட்ரீ முறுக்கியிருக்கலாம். முன்மேட்டை உங்கள் தொடையில் ஊன்றிப் பின்மேட்டை உங்களை நோக்கி இழுத்துப் பாருங்கள். ஸ்பிரிங் ட்ரீ கொஞ்சம் நெகிழும், அது இயல்பு. நடுவில் மடிகிற மாதிரி நெகிழ்ந்தாலோ, கிறீச்சென்று சத்தம் வந்தாலோ, இருக்கையின் தோல் சுருங்கினாலோ ட்ரீ உடைந்திருக்கிறது. அந்தச் சேணத்தை இனி எந்தக் குதிரை மேலும் போடாதீர்கள், விற்கவும் வேண்டாம்.

மூன்றாவது, ஏறுகிறவர். நேராக உட்காரும் வேறொருவரை ஏற்றிப் பாருங்கள். சாய்வு மாறினால் தொல்லை மனிதரிடம்.

நான்காவது, குதிரையின் தோள். பின்னால் ஒரு மேடையில் ஏறி நின்று மேலிருந்து பாருங்கள். ஒரு தோள் பெரிதாக இருந்தால் அது சேணத்தை மறுபக்கம் தள்ளும். சிறிய தோள் பக்கம் ஒரு மெத்தைத் துண்டு சொருகினால் பெரும்பாலும் நின்றுவிடும்.

இத்தனைக்குப் பிறகும், ஆள் மாறியும் சேணம் மாறியும், அதே பக்கம்தான் சாய்கிறது என்றால் பின்னங்கால். இங்கிலாந்தின் குதிரை மருத்துவர் சூ டைசன் குழு இதைத் தெளிவாகக் காட்டியிருக்கிறது: பின்னங்கால் நொண்டல் உள்ள குதிரைகளில் சேணம் ஒரு பக்கம் சாய்கிறது, பெரும்பாலும் நொண்டும் கால் பக்கமாக, வலியுள்ள இடத்தை ஊசியால் மரத்துப்போகச் செய்தால் பெரும்பாலும் சாய்வு மறைகிறது. வெறும் கண்ணுக்கு நொண்டல் தெரியாத குதிரைகளிலும் இது உண்டு.

செவலைக்கு நடந்தது அப்படியே இதுதான். குதிரைகளைப் பராமரிக்கும் எங்கள் சயிஸ் அண்ணன் முதல் வாரமே சொன்னார்: “தம்பி, இது முதுகுல இல்ல, பின்னால எங்கேயோ வலிக்குது. வட்டம் போடுறப்ப பாருங்க, வலது காலை இழுத்து வைக்குது.” நான் கேட்கவில்லை. இரண்டு மாதம் கழித்து மருத்துவர் வந்து வலது பின்காலின் நடுவில் இருக்கும் ஹாக் மூட்டை மரத்துப்போகச் செய்து ஏறச் சொன்னார். சேணம் நட்டநடுவில் நின்றது. அந்த இரண்டு மாதமும் வலியோடு என்னைச் சுமந்திருக்கிறது. அதை நினைத்தால் இன்றைக்கும் மனசு கேட்பதில்லை.

ஆகவே ஒரே பக்கச் சாய்வுக்கு இந்த நான்கு சோதனையும் தாண்டினால் மருத்துவரைக் கூப்பிடுங்கள். சேணக் கடைக்குப் போவது அதற்குப் பிறகு. குதிரை பார்க்கும் மருத்துவர் அருகில் இல்லை என்றால் சென்னை வேப்பேரியில் உள்ள கால்நடை மருத்துவக் கல்லூரியைக் கேட்கலாம்.

## அறிகுறி: சேணம் முன்னால் அல்லது பின்னால் ஓடுகிறது

முன்னால் ஓடினால்: தோள்மேடு தாழ்ந்த, பீப்பாய் வயிற்றுக் குதிரைகளுக்கும் மட்டக்குதிரைகளுக்கும் இது இயல்பு. கர்த் எப்போதும் வயிற்றின் ஒடுங்கிய இடத்துக்கே நகரும், அந்த இடம் முழங்கையை ஒட்டி இருந்தால் சேணத்தையும் இழுத்துக்கொண்டு போகும். கர்த்தை வேறு வார்களில் மாட்டிப் பாருங்கள். முன்பக்கம் வளைந்த கர்த் கிடைக்கிறது, அது பல குதிரைகளுக்கு ஒத்துவருகிறது. அதற்கும் நிற்காவிட்டால்தான் சேணம் அகலமா என்று அட்டையை வைத்துப் பாருங்கள்.

பின்னால் ஓடினால்: வயிறு ஒட்டிய பந்தயக் குதிரைக்கு மார்பின் குறுக்கே ஒரு பட்டை கட்டினால் நிற்கும். ஆனால் அதைக் கட்டும் முன் சேணம் குறுகலா என்று பார்த்துவிடுங்கள். குறுகலான சேணத்தைத் தோள் பின்னால் தள்ளும். மார்புப் பட்டை போட்டால் தள்ளல் நிற்கும், கிள்ளல் நிற்காது.

## அறிகுறி: நடுவில் தொடாமல் நிற்கிறது, அல்லது பின்பக்கம் துள்ளுகிறது

மெத்தைக்கு அடியில் கையை நகர்த்தும்போது முன்னும் பின்னும் இறுக்கம், நடுவில் காலி என்றால் சேணம் பாலம் போல நிற்கிறது. மாறாக, அழுத்தினால் ஆடுகிறது, ஓட்டத்தில் பின்மேடு துள்ளுகிறது என்றால் வளைந்த ட்ரீ தட்டையான முதுகில் இருக்கிறது.

வியர்வையும் உதவும். பழைய வெள்ளை வேட்டியை நான்காக மடித்துச் சேணத்தின் அடியில் போட்டு நாற்பது நிமிடம் சவாரி செய்யுங்கள். அழுக்கு எங்கே அதிகம், எங்கே இல்லை என்று துணியே காட்டும். ஈரத்தின் நடுவே ஒரு காய்ந்த திட்டு இருந்தால் அவசரப்படாதீர்கள். மிக அதிக அழுத்தத்திலும் காயும், தொடாமல் இருந்தாலும் காயும். கையை விட்டுப் பார்த்துத்தான் எது என்று சொல்ல முடியும்.

ஒரு விரல் கனத்துக்குள் இடைவெளி என்றால் நடுவில் கம்பளி நிரப்பலாம், அல்லது சேணத்துக்கு அடியில் போடும், பைகள் வைத்த சிறிய அரைப்பேட்டில் மெத்தைத் துண்டு சொருகலாம். நிற்கும்போது கொஞ்சம் இடைவெளி இருப்பது தவறும் அல்ல; நன்றாக வேலை செய்யும் குதிரை முதுகைத் தூக்கும். அதைவிட அதிகம் என்றால் வேறு வடிவ ட்ரீ வேண்டும். முன்வளைவுத் தகட்டை எத்தனை தடவை மாற்றினாலும் இந்தக் கோளாறு போகாது. கடைக்காரர் வேறு மாதிரி சொன்னால் குதிரை மேல் வைத்துக் காட்டச் சொல்லுங்கள்.

## அறிகுறி: முதுகைத் தடவினால் கூசுகிறது, ஏறினால் துள்ளுகிறது, ஓட மறுக்கிறது

விரல்களின் தட்டைப் பகுதியால், நகம் படாமல், முதுகெலும்பின் இரு பக்கமும் தோள்மேட்டிலிருந்து இடுப்பு வரை சீராக அழுத்திக்கொண்டு போங்கள். முதுகைத் தாழ்த்துவது, வாலை வீசுவது, தசை துடிப்பது, இதில் எது எந்த இடத்தில் வருகிறது என்று குறித்துவையுங்கள். சவாரிக்கு முன் ஒருமுறை, பின் ஒருமுறை. முன்னால் இல்லை, பின்னால் இருக்கிறது என்றால் சேணம் அல்லது சுமை. இரண்டு வேளையும் இருந்தால் சேணத்தைத் தாண்டிய வலி.

சுமையைக் கணக்குப் போடுங்கள். ஆளும் சேணமும் சேர்ந்து குதிரையின் எடையில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்பது பரவலாகச் சொல்லப்படும் எல்லை. 400 கிலோ குதிரைக்கு அது 80 கிலோ, சேணம் ஏழெட்டு கிலோ போக 72. சரி, இதைச் சொன்னால் சிலருக்குக் கோபம் வரும். ஆனால் சேணம் எவ்வளவு நல்லதானாலும் இந்தக் கணக்கை மாற்றாது.

பல், கடிவாளம், லாடம் மூன்றையும் பார்த்துவிடுங்கள். பிறகு இரண்டு வாரம் சேணமே போடாமல் கையில் பிடித்து நடத்துங்கள். கூச்சம் போய், சேணம் போட்ட மூன்றாம் நாள் திரும்ப வந்தால் சேணத்தின் மேல் சந்தேகம் உறுதி. ஓய்விலும் போகவில்லை என்றால், அல்லது குதிரை திடீரென்று கால் தடுக்கி விழப்போனால், மருத்துவர்.

## அறிகுறி: சில மாதம் முன்பு பொருந்திய சேணம் இப்போது பொருந்தவில்லை

அகலம் மாற்றும் சேணம் உண்மையிலேயே உதவும் இடம் இதுதான்.

காலண்டர் அட்டையை எடுங்கள். புதிதாக ஒன்று வரைந்து பழையதன் மேல் வையுங்கள். கோடு ஒன்றோடொன்று ஒட்டினால் குதிரை மாறவில்லை, சேணம்தான் மாறியிருக்கிறது. கம்பளியையும் ட்ரீயையும் பாருங்கள், பணம் மிச்சம். கோடு விலகினால் குதிரையின் உடம்பு மாறிக்கொண்டிருக்கிறது. எந்தத் திசையில், எவ்வளவு வேகத்தில் என்பதை அறிய ஆறு வாரத்துக்கு ஒன்றாக இன்னும் இரண்டு அட்டை வேண்டும்.

மாறும் குதிரைகள் எவை? பந்தயத்திலிருந்து வந்து முதல் வருடத்தில் இருப்பவை. அந்த ஒரு வருடத்தில் முதுகு ஆளே மாறிவிடும். நாலிலிருந்து ஆறு வயது வரை வளரும் இளங்குதிரைகள். நோயிலிருந்தோ நீண்ட ஓய்விலிருந்தோ திரும்புபவை. மழைக்காலத்தில் பச்சைப்புல்லில் பருத்து, கோடையில் இளைப்பவை.

இவற்றுக்கும் முதலில் மலிவான வழி உண்டு. ஒரு அளவு அகலமான சாதாரணச் சேணம், அதோடு முன்பக்கம் துண்டு சொருகும் அரைப்பேட். தசை ஏற ஏறத் துண்டுகளை எடுத்துக்கொண்டே வரலாம். கான்பூரில் செய்யும் சேணங்களில் நல்லவை உண்டு. ட்ரீயைச் சோதித்து வாங்கினால் இறக்குமதி விலையில் சிறு பங்குதான் ஆகும். வடிவம் கொஞ்சம்தான் மாறுகிறது என்றால் இதுவே போதும்.

அட்டையின் கோடு ஒரு விரல் அகலத்துக்கு மேல் விலகிக்கொண்டே போகிறது, இன்னும் ஒரு வருடமாவது போகும், அல்லது ஒரே மாதிரி முதுகு வளைவும் வேறு வேறு அகலமும் உள்ள இரண்டு மூன்று குதிரைக்கு ஒரே சேணம் வேண்டும், அப்படியென்றால் வாங்குங்கள். தயங்க வேண்டாம். மாற்றி மாற்றி மூன்று சேணம் வாங்குவதைவிட இது சிக்கனம். சவாரிப் பள்ளி நடத்துகிறவர்களுக்கு இன்னும் சிக்கனம், ஆனால் குதிரை மாறும் ஒவ்வொரு தடவையும் தகட்டை மாற்றப்போகிறோமா என்று உண்மையாக யோசியுங்கள். காலை ஆறு மணிக்கு நாலு பேர் வரிசையில் நிற்கும்போது யாரும் திருப்புளி எடுப்பதில்லை.

வாங்கும் முன் இவற்றைக் கேளுங்கள்:

- தகட்டை நாமே மாற்றலாமா, கடைக்கு அனுப்ப வேண்டுமா? ஆஸ்திரேலியாவின் விண்டெக் (Wintec), பேட்ஸ் (Bates) பிராண்டுச் சேணங்களில் வீட்டிலேயே மாற்றலாம். தகடுகளுக்கு நிறம் உண்டு: மஞ்சள் மிகக் குறுகல், அப்புறம் பச்சை, கருப்பு, நீலம், சிவப்பு, வெள்ளை என்று அகலம் கூடும். சில சேணங்களின் ட்ரீயை இயந்திரத்தில் வைத்து அழுத்தித்தான் மாற்ற முடியும். அப்படிப்பட்டதை வாங்கினால் ஒவ்வொரு முறையும் அந்த இயந்திரம் இருக்கும் ஊருக்கு அனுப்ப வேண்டும்.
- அடுத்த அளவுத் தகடு இப்போதே கையில் கிடைக்குமா? ஒரு நிறுவனத்தின் தகடு பெரும்பாலும் இன்னொன்றுக்குச் சேராது.
- முதுகின் வளைவுக்கும் நீளத்துக்கும் இந்தச் சேணம் ஒத்துவருகிறதா? மேலே சொன்ன கைச்சோதனையும் ஆட்டும் சோதனையும் இங்கேயும் உண்டு. இதில் தோற்றால் விலை பாதியானாலும் வேண்டாம்.
- ஒரு வாரம் போட்டுப் பார்த்துத் திருப்பித் தரலாமா? முடியாது என்றால் உங்கள் அட்டைகளையும் குதிரை நேராக நிற்கும் பக்கவாட்டுப் படத்தையும் அனுப்பி எழுத்தில் பதில் வாங்குங்கள்.

சேணம் பொருத்துவதில் பயிற்சி பெற்றவர் நம் பக்கம் அபூர்வம். பெங்களூரு போன்ற ஊர்களுக்கு வருகிறவர் யாராவது இருந்தால், பக்கத்து லாயங்களோடு பணத்தைப் பகிர்ந்து ஒரு நாள் வரவழையுங்கள். சேணத்தின் விலையோடு ஒப்பிட்டால் அது பெரிய செலவு அல்ல.

## வாங்கியாயிற்று, இன்னும் சரியாகவில்லை

தகட்டை ஒரே தடவையில் இரண்டு அளவு மாற்றியிருக்கிறீர்களா? ஒவ்வோர் அளவாகப் போங்கள். அகலமான தகடு போட்டால் முன்மேடு தாழும், இருக்கையின் ஆழமான இடம் முன்னால் நகரும், நீங்களும் முன்னால் சரிவீர்கள். ஒரு பேனாவை இருக்கையில் வைத்துப் பாருங்கள், நடுப்பகுதியில் நின்றால் சரி. திருகாணி இரண்டும் ஒரே அளவு இறுகியிருக்கின்றனவா? ஒன்று தளர்ந்தால் சேணம் ஒரு பக்கம் சாயும். முதல் சவாரிக்குப் பின் திரும்ப இறுக்கிவிடுங்கள்.

இரண்டு அளவு முயன்றும் பழைய அறிகுறியே நீடித்தால் மேலே போய் அந்த அறிகுறியின் தலைப்பில் மறுபடி தொடங்குங்கள். மூன்றாவது தகடு வாங்க வேண்டாம்.

செவலைக்கு ஹாக் மூட்டுச் சிகிச்சை, லாடம் மாற்றம், ஐந்து மாத ஓய்வு. அந்த ஓய்வில் முதுகுத் தசை வற்றிப்போனது. திரும்ப வேலைக்கு வந்தபோது, தவறான காரணத்துக்கு நான் வாங்கிய அந்தச் சேணம் சரியான காரணத்துக்கு உதவியது. மஞ்சள் தகட்டில் தொடங்கி, நான்கு மாதத்தில் பச்சை, அடுத்த ஐந்து மாதத்தில் கருப்பு. சேண அறைக் கதவின் பின்னால் அதன் ஏழு காலண்டர் அட்டைகள் தொங்குகின்றன. கடைசி மூன்றையும் ஒன்றின் மேல் ஒன்று வைத்தால் ஒரே கோடு. இப்போது அதற்கு அந்தக் கோட்டின் அளவுக்குப் பொருந்தும் கான்பூர்ச் சேணம் போடுகிறோம். தகடு மாற்றும் சேணம், போன மாதம் பந்தயத்திலிருந்து வந்த காரிக் குதிரைக்குப் போயிருக்கிறது, மறுபடி மஞ்சள் தகட்டோடு.